மத்தளத்தை உள்ளே விடாத கெபாசிட்டர்

ஹமீதா வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்துகொண்டிருந்தாள். கீச்சு ஓசைகளைப் பாடும் குட்டி ஸ்பீக்கருக்கு ஓசையை வடிகட்டி அனுப்பும் கெபாசிட்டர்களில் எது பொருந்தும் என்று தெரியவில்லை. பெரிதும் சிறிதுமாக இரண்டை மேஜையில் வைத்திருந்தாள்.

"நீங்க என்ன செய்வீங்க?" என்று அவற்றைக் கேட்டது குட்டி ஸ்பீக்கர்.

"பாட்டுல பெரும்பகுதியை உனக்கு விட்டுடுவேன். மத்தளமும் வரும்," என்றது பெரியது.

"மத்தளத்தை நான் உள்ளே விடமாட்டேன்," என்றது சிறியது.

"ஏன்? அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணுமே!"

ஹமீதா முதலில் பெரியதைப் பொருத்திப் பாட்டைப் போட்டாள். மத்தளத்தின் முதல் அடியிலேயே குட்டி ஸ்பீக்கர் கரகரவென்று அலறியது. அவள் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினாள்.

"உயிரோட இருக்கியா?" என்றது சிறியது.

"இருக்கேன். அது என்னைவிடப் பெரிசு."

அடுத்துச் சிறியதைப் பொருத்தினாள். மத்தளம், பெட்டியில் தடித்த ஓசைகளைப் பாடும் பெரிய ஸ்பீக்கரோடு நின்றுவிட்டது. குட்டி ஸ்பீக்கருக்கு, பாடகி வாய் திறக்கும் முன் இழுத்த மூச்சு வந்து சேர்ந்தது.

"இது யாரு?" என்று அது வியந்தது.

ஹமீதா பாட்டை நிறுத்தி, அந்த மூச்சிலிருந்து மறுபடி போட்டாள்.