தண்ணீருக்குள் ஒரு பதில்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, மாமனார் தோட்டத்துக் கிணற்றின் கடைசிப் படியில் விசில் கயிற்றை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் ஹெப்சி. காலை வெயில் மேற்குச் சுவரில் பாதிவரைதான் இறங்கியிருக்கிறது. அவள் கத்தும்போதெல்லாம் பறந்த பொந்துப் புறாகூட இப்போது பழகிப்போய் அசையாமல் இருக்கிறது. தண்ணீரில் அவள் கணவன் ஜெர்சோன் கன்னம் உப்ப முகத்தை உள்ளே வைக்கிறான். இரண்டு வீச்சில் எருமை மாதிரி தலையைத் தூக்கி, மூச்சை விட்டு, இழுத்து, திணறிச் சுவரைப் பிடிக்கிறான். கிணற்றுக்குள் போட்ட கல்லை மூச்சடக்கி முங்கி எடுத்தே நீச்சல் பழகிய ஆள். சனிக்கிழமை குற்றாலத்து விடுதிக் குளத்தில் நிற்காமல் நீந்திக் காட்டினால்தான் லைஃப்கார்டு வேலை. “உள்ள இருக்கும்போதே மூச்ச விடுங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்! வெளிய வந்து இழுக்க மட்டும் செய்யுங்க.” “விட்டா முங்கிருவேன்லா.” பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ட்ரில் எடுக்கிறவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுபடி கிளம்புகிறான். தலை மேலே வந்த நேரம் ஆத்திரம் தாங்காமல் கத்துகிறாள்: “உங்க அக்கா கிறிஸ்மசுக்குக் குடுத்துவிட்ட முறுக்க நாய்கூடக் கடிக்கல!” அக்காவைச் சொன்னால் அவனால் வாயைக் கட்ட முடியாது. முகம் அதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டது. பதிலும் அங்கேயே புறப்படுகிறது. குமிழி குமிழியாய்ப் பொங்குகிறது. காலியான நெஞ்சோடு முகத்தை ஒருபக்கம் திருப்பிக் காற்றை அள்ளிக்கொண்டு, மிச்சத்தையும் உள்ளே போய்ச் சொல்கிறான். எதிர்ச்சுவரைத் தொட்டு, அங்கிருந்தே திரும்பிப் பார்க்கிறான். “எங்க அக்காவ என்னட்டி சொன்ன?” அவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை. ஹெப்சி காலைத் தண்ணீரில் தொங்கப்போடுகிறாள். “திரும்பி வாங்க. அத்தையப் பத்தி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”