முட்டிக்குக் கேரண்டி

“நீங்களே சொல்லுங்க சிலுவை அண்ணாச்சி, வேலை பார்க்கிற இடத்துல ஒரு ஆளுக்குக் கால் போச்சுன்னா சம்பளம் கொடுக்கணுமா, வேண்டாமா?”

ஆட்டோவில் சரியாக உட்காரக்கூட இல்லை, ஜெமி கேட்டுவிட்டாள்.

“மொதல்ல எங்கன போகணும்னு சொல்லுங்க தங்கச்சி” என்றார் சிலுவை. ஜெமியின் மகளோடு சேர்த்து அந்தத் தெருப் பிள்ளைகள் ஏழு பேரை நாலு வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிறவர்.

“பீச் ரோடு, ரங்கநாத் சார் ஆபீஸ். அங்கன இருந்து லீக் ஆபீஸ். அஞ்சு மணிக்குள்ள ரெண்டும் முடியணும்.”

ஜெமியின் புருஷன் பிரைட்டன் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடுகிறவன். முத்துக்கரை லீக்கில் அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக ஆள் கிடையாது. போன சீசனில் மூன்றாவது மேட்சிலேயே முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அன்றோடு சம்பளமும் நின்றது. வேறு வேலைக்கும் போகக்கூடாது என்று ஒப்பந்தம். ஐந்து மாசம் காலை நீட்டி உட்கார்ந்தவன், எல்லா சீரியலுக்கும் அடுத்த வாரக் கதை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டான்.

இப்போது முட்டி சரியாகி, மூன்று டீமும் கூப்பிட்டன. ‘அடிபட்டாலும் சீசன் முடிகிறவரை சம்பளம் உண்டு’ என்று ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னான். மூன்று டீமும் முடியாது என்றன. இன்று ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வருஷம் ஆட்டமே கிடையாது.

“மூணு முதலாளியும் சிண்டிகேட் போட்டுட்டாங்க அண்ணாச்சி. மீன் ஏலத்துல போடுவாங்கள்லா, அது மாதிரி. ஒருத்தன் கொடுத்தா எல்லாரும் கொடுக்கணும்னு பேசி வச்சு, ஒருத்தனும் கொடுக்க மாட்டேங்கான்.”

“அப்படியா” என்ற சிலுவை ஹாரனை அழுத்தினார். முன்னால் போன உப்பு லாரி வழி விடுவதாக இல்லை.

அந்த மூன்று முதலாளிகளில் ஒருவரான ரங்கநாத் காபி சொல்லிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

“ஏம்மா, குக்கர் வாங்கினா கேரண்டி கேட்கலாம். முட்டிக்கு யாரு கேரண்டி கொடுப்பா?”

“ஆமா சார். குக்கருக்கு இருக்கிற மரியாதை எங்க வீட்டுக்காரர் முட்டிக்கு இல்ல. அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

“ஆடுற மேட்சுக்குப் பணம். அதுதானே நியாயம்?”

ஜெமி பையிலிருந்து, முடியாது என்று மூன்று டீமும் அனுப்பிய கடிதங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். “நீங்க மூணு பேரும் பேசி வச்சீங்களா சார்?”

“சேச்சே. அவங்களைப் பார்த்தே மாசக்கணக்காச்சு.”

“மூணுலயும் ஒப்பந்தத்தை ‘ஓப்பந்தம்’னு போட்டிருக்கு.”

“டைப் அடிக்கிற பொண்ணு தப்பா அடிச்சிருக்கும்.”

“மூணு கம்பெனிக்கும் ஒரே பொண்ணா சார்? அவளுக்காவது சம்பளம் ஒழுங்கா போகுதா?”

ரங்கநாத் கடிகாரத்தைப் பார்த்தார். “மணி நாலு பத்து. பிரைட்டனைக் கையெழுத்துப் போடச் சொல்லும்மா. நல்ல பிளேயர். ஒரு வருஷத்தை வீணாக்க வேண்டாம்.”

காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

“சிரிச்சுக்கிட்டே கழுத்தை அறுக்கான் அண்ணாச்சி. லீக் ஆபீசுக்கு விடுங்க. விசாரிச்சு முடிக்கிறவரைக்கும் கெடுவைத் தள்ளி வைங்கன்னு மனு எழுதிட்டேன். கேக்கீங்களா?”

கேட்கிறேன் என்று அவர் சொல்வதற்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“‘வேலை நடக்காத மாதத்திலும் தொழிலாளிக்குப் பசிக்கும். அவனை வேறு இடத்துக்குப் போகவும் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, வேலை நடந்தால்தான் கூலி என்று முதலாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசி ஒரே பதிலைச் சொல்வது அநியாயம்.’ எப்படி இருக்கு?”

“படிச்ச பிள்ளை எழுதினா எழுத்தே தனிதான்.”

“ஊர்ப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டு படிச்சேன். மத்ததெல்லாம் வயித்தெரிச்சல் அண்ணாச்சி.”

லீக் ஆபீஸ் வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கி, வாடகையை நீட்டினாள். சிலுவை பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதே பையிலிருந்து போனை எடுத்தார்.

“இதையும் ஒருக்கா அதே மாதிரி சத்தமா வாசிங்க தங்கச்சி.”

“என்னது அண்ணாச்சி, எனக்கு நேரமாகுது.”

“சின்ன மெசேஜ்தான்.”

ஜெமி வாங்கி வாசித்தாள். “‘மே மாதம் பள்ளி விடுமுறை. ஆட்டோ ஓடாத மாதத்துக்குப் பணம் தர மாட்டோம். ஜூனில் எங்கள் பிள்ளைக்குக் கண்டிப்பாக சீட் வேண்டும். அதுவரை வேறு பிள்ளைகளை ஏற்றக்...’”

நாலாவது வரியை முடிக்கவில்லை, குரல் இறங்கிவிட்டது.

“ஏழு வீட்டுல இருந்தும் நேத்து இதுதான் வந்துச்சு” என்றார் சிலுவை. “ஒரு எழுத்து மாறல. மொதல்ல வந்தது உங்களது.”

அம்மாமார் வாட்ஸ்ஆப் குரூப்பில், ‘ஒருத்தர் கொடுத்தால் எல்லோரும் கொடுக்க வேண்டி வரும், இதையே காப்பி பண்ணி அனுப்புங்கள்’ என்று போட்டதும் அவள்தான். அது சிலுவைக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் ஜெமி நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பும் போய்விட்டது.

கையிலிருந்த மனுவை மடிப்பதா, விரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

“கோபமெல்லாம் இல்ல தங்கச்சி, நீங்க போய்க் கொடுத்துட்டு வாங்க. நியாயமான மனு” என்றார் சிலுவை. “வந்து, அதுல இருக்கிறபடியே எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்க. முதலாளிங்க பேரு வாற எடத்துல மட்டும் உங்க ஏழு வீட்டுப் பேரையும் போட்டுருங்க.”