சிரிக்காத ராஜா

"சிரிங்க ராஜா, சிரிங்க! அவர் சொல்ற குறியைக் கேட்டு நீங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கணும். இப்படி முழிச்சா எப்படி?"

தலைமை நர்ஸ் கையிலிருந்த நோட்டால் மேஜையைத் தட்டினார். மறுநாள் ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் நாடகம். கேன்டீன் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ராஜா வேஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு. ராஜாவின் சாவை முதல் காட்சியிலேயே சொல்லிவிடும் குருட்டுக் குறிகாரர் வேஷம் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு.

"இன்னொரு தடவை போகலாம். குறிகாரரே, ஆரம்பிங்க."

டிரைவர் கண்களை மூடிக்கொண்டு தடியைத் தரையில் ஊன்றினார். "அடுத்த பௌர்ணமி நிலவை நீ காணமாட்டாய், மன்னா!"

ராஜா வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. நெற்றியில் வியர்வைதான் வந்தது.

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் நர்ஸ். "போன வாரமெல்லாம் கட்டடம் அதிரச் சிரிச்சீங்களே, நேத்துலேருந்து என்ன ஆச்சு உங்களுக்கு? இந்த நாடகமே அந்தச் சிரிப்புலதான் நிக்குது. சாவு வருதுன்னு சபையில எல்லாருக்கும் தெரியணும், ராஜாவுக்கு மட்டும் உறைக்கக் கூடாது. அப்பதான் கடைசியில ஜனம் அழும். நீங்க இப்பவே பயந்து நடுங்கினா அப்புறம் யாரு அழப் போறா?"

"சிஸ்டர், அந்த வசனத்தை மட்டும் எடுத்துடலாமா?"

"எதை?"

"பௌர்ணமியை. ஏதோ கெட்டது நடக்கும்னு பொதுவா சொன்னா போதாதா?"

"நல்லா இருக்கே! அப்படியே ராஜா சாகவும் வேண்டாம், ஊருக்குப் போயிட்டாருன்னு முடிச்சுடலாமா?"

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "டேய் ராஜா, நான் சொன்னா பலிச்சிடும்னு பயமா? எனக்குக் கரிநாக்கெல்லாம் கிடையாதுடா. இருந்திருந்தா என் மாமியார் எப்பவோ…"

"அண்ணே!" என்று அதட்டினார் நர்ஸ். "ரெண்டு பேரும் போய் டீ குடிச்சுட்டு வாங்க. வந்ததும் சிரிப்பு வரலைன்னா கிரீடம் வாட்ச்மேன் தலைக்குப் போயிடும், சொல்லிட்டேன்."

டிரைவர் அவனைப் பின்பக்கப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவனுக்கு மகன் பிறந்த அன்று, கொட்டுகிற மழையில் அவன் மனைவியை வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்ததே அவர்தான்.

"இப்ப சொல்லு. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. என்னடா விஷயம்?"

"ஒண்ணுமில்லண்ணே."

"என்கிட்டயே கதை விடாத. நேத்து மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துட்டு அப்படியே மூடி வெச்ச. வீட்ல சண்டையா?"

"இல்ல."

டிரைவரின் குரல் தணிந்தது. "உடம்பு விஷயமா?"

அவன் டீ கிளாஸைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையசைத்தான்.

"டெஸ்ட் எடுத்தியா?"

"எடுத்தேன்ணே. நம்ப முடியாம ரெண்டாவது தடவையும் எடுத்தேன். ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்லயும் பார்த்தேன்."

"என்ன வந்துச்சு?"

"வெள்ளை அணு தாறுமாறா ஏறியிருக்கு. ரத்தப் புற்றுநோய் மாதிரிதான் தெரியுது. பெரிய டாக்டர் திங்கக்கிழமைதான் வர்றார். அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். முடியல."

டிரைவர் கிளாஸைப் படியில் வைத்தார். கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை. அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அட பைத்தியக்காரா! இதை வயித்துக்குள்ள பூட்டி வெச்சுக்கிட்டா கிரீடத்தை மாட்டிக்கிட்டு நின்ன? திங்கக்கிழமை வரைக்கும் எதுக்குடா? ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சா ஒரு நாள் முன்னாடி வைத்தியம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே வண்டி ஓட்டறேன். சைரன் போட்டா நாற்பதே நிமிஷம். இந்தக் காலத்துல எதுக்குடா மருந்து இல்ல? உன் பொண்டாட்டிகிட்ட நான் பக்குவமா பேசறேன். எழுந்திரு, இப்பவே போறோம்."

"போகணும்ணே. இன்னைக்கே போகணும். ஆனா வண்டியை வேற யாராவது ஓட்டட்டும்."

"ஏன், நான் ஓட்டினா என்னவாம்?"

அவன் தோளிலிருந்த அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"அது என் ரத்தம் இல்லண்ணே. புதன்கிழமை ஸ்டாஃப் செக்கப்புக்கு நீங்க குடுத்துட்டுப் போனது."