பால் நேரத்து மேளம்

குதிரைக்குட்டி பிறந்த முதல் நாள் பனிமேரி அதன் காதுகளை மட்டும் தடவிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் முதுகு, மூன்றாம் நாள் குளம்புகள். நான்காம் நாளிலிருந்து, அது தாயிடம் பால் குடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தகர டப்பாவைத் தட்டினாள். வாரத்துக்கு வாரம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரையை வாடகைக்கு விடுகிற வீடு அது. போன குட்டி மேளத்துக்கு மிரண்டது என்று அவள் கணவன் சூசைமாணிக்கம் அதைச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டான். “இதுவும் மிரண்டா அங்கதான்” என்று முன்கூட்டியே சொல்லியிருந்தான்.

இரண்டாம் மாதம் ஓர் ஊர்வலத்துக்குக் குட்டியையும் கூட்டிப்போனார்கள். தாயின் மேல் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டை நெருங்கியதும் மேளம் உச்சத்துக்குப் போனது. குட்டி நேராக ஓடிவந்து தாயின் மடியில் வாய் வைத்தது. தாயும் கால்களை அகட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்றுவிட்டது. சூசைமாணிக்கம் எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

“நல்லாப் பழக்கியிருக்க. எம் பொழப்பு போச்சு” என்றான்.

“மிரண்டுச்சா? அத மட்டும் சொல்லுங்க” என்றாள் பனிமேரி.

அவன் மேளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினான். “அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க.”

“நிறுத்தாதீங்க” என்றார் குதிரை மேலிருந்த மாப்பிள்ளை. “குடிச்சு முடிக்கட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல.”

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.