ரெத்தம் படாத உடுப்பு

சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து டொக்டர் ஸம்றா வெளியே வந்ததும் றிபாஸ் வழிமறித்தான். உள்ளே அவன் மனைவி ஸுஹைறாவுக்குப் பிரசவம்.

"உடுப்புல ஒரு சொட்டு ரெத்தமும் இல்ல. இன்னும் வெட்டவே இல்லயா?"

"ஒப்பரேஷன் முடிஞ்சிட்டு. பொம்புளப்புள்ள."

"பொய் சொல்லாதீங்க! ரெத்தமெல்லாம் எங்க?"

"வயித்துல விரிக்கிற துணியிலயே இப்ப பை இருக்கு. எல்லாம் அதுக்குள்ளதான் வடியும். பை நிரம்பினதக் கண்டுதான் ரெத்தம் கூடப் போகுதெண்டு விளங்கி, உடனே நிப்பாட்டினம். ரெண்டு பேரும் சுகம்."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வான் என எதிர்பார்த்தார் டொக்டர். றிபாஸின் கண்கள் இன்னும் சிவந்தன.

"நாலு வருசத்துக்கு முன்ன இதே கதவால நீங்க வரக்குள்ள உடுப்பெல்லாம் ரெத்தமா இருந்திச்சே. அண்டைக்கு ரெத்தம் போயே உசிர் போய் மவுத்தான என்ட முதல் பொஞ்சாதிக்கு ஏன் இந்தத் துணிய விரிக்கல்ல?"