அசையாத நுரையீரல்

நார்வேயின் லோஃபோட்டன் கடலில் மீன்பிடிப் படகுத் தளத்தில் வழுக்கி விழுந்து, விலா எலும்பை உடைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்திருந்தார் தூர்கைர்.

டாக்டர் சுன்னிவா படுக்கையருகிலேயே ஸ்கேன் கருவியை அவர் மார்பில் வைத்தாள். மூச்சு வந்து போகும்போது நுரையீரலின் உறை விலாவுக்கு அடியில் வழுக்கி நகரும். திரையில் அது எறும்புச் சாரை ஊர்வதுபோலத் தெரியும். ஊராவிட்டால் உள்ளே காற்று கசிந்து நுரையீரல் சுருங்கியிருக்கலாம். மார்பைத் துளைத்துக் குழாய் செருக வேண்டும்.

எறும்புகள் ஊரவில்லை.

அவள் கூப்பிட்டதும் மூத்த மருத்துவர் ஐவின் வந்து கருவியை வாங்கி வைத்தார். "என்னண்ணே, இந்த வருஷம் மீன் பாடு எப்படி?"

"ஏதோ போகுது. போன வருஷம் மாதிரி இல்ல..."

தூர்கைர் பேசப் பேச, திரையில் எறும்புகள் ஊர்ந்தன.

"நல்லாத்தானே ஓடுது? கையை ஆட்டாமப் பிடிம்மா," என்று சொல்லிவிட்டு ஐவின் போய்விட்டார்.

சுன்னிவா மறுபடி வைத்தாள். அசைவில்லை. மூன்றாம் முறையும் இல்லை. எரிச்சலில் அவளுக்குக் கண் கலங்கியது. திரும்பக் கூப்பிட்டால் ஐவின் சிரிப்பார். பேசாமல் விட்டால் இந்த மனிதர் உயிர் போய்விடும்.

"குழாய் எடுத்து வைங்க," என்றாள் நர்ஸிடம்.

"குழாயா?" தூர்கைர் பதறினார். "நான் ஒழுங்காத்தானேம்மா இருந்தேன்? எக்ஸ்ரே ரூம்ல சொன்ன மாதிரியே, நீ கருவி வச்ச மூணு தடவையும் மூச்சை அடக்கிக்கிட்டேன். அந்தப் பெரிய டாக்டர்தான் பேச்சுக் கொடுத்துக் கெடுத்துட்டார்."