பதினான்காவது வழக்கு

வைஃபை குறியைக் காணோம்.

திரையின் வலது மூலையில் அது இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உலக உருண்டை. அதன்மேல் குறுக்காக ஒரு தடை.

அவள் கணினியை அணைத்து மறுபடி திறந்தாள். கறுப்புத் திரையில் வழக்கமான கேள்வி வந்தது. லினக்ஸா, விண்டோஸா. விண்டோஸுக்கு இறங்கி அழுத்தினாள்.

அதே உருண்டை.

மணி பத்து ஐம்பது.

கால் மணி நேரத்துக்கு முன்பு லினக்ஸில் நெட் நன்றாகவே வந்தது. காணொளி இணைப்பில் குடும்பநல நீதிமன்றத்தின் மின்விசிறிகூடத் தெரிந்தது. அவள் முகம்தான் தெரியவில்லை. அந்தப் பழைய லேப்டாப்பில் கேமரா விண்டோஸில் மட்டும்தான் திறக்கும்.

“முகம் தெரியணும்மா. இல்லேன்னா நீங்க வந்ததாவே எழுத முடியாது,” என்றார் நீதிமன்ற எழுத்தர். அப்போது ஒன்பதாவது வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவளுடையது பதினான்கு.

இருவரும் சேர்ந்து கேட்ட விவாகரத்து. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. ஒரு முறை நீதிபதி விடுப்பு. ஒரு முறை வக்கீல்கள் வரவில்லை. இன்று விட்டால் கோடை விடுமுறை முடிந்து, மூன்று மாதம் கழித்துத்தான்.

இன்னும் மூன்று மாதம் அவளால் முடியாது. சாப்பிட்டு எழாமல், கையும் கழுவாமல், இலை முன்னால் உட்கார்ந்தே இருப்பதுபோல.

நகத்தைக் கடித்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். மோடத்தை அணைத்துப் போட்டாள். அதன் பச்சை விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன.

அந்தக் கணினியை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஆள் ஒருவன்தான். லினக்ஸ், விண்டோஸ் இரண்டையும் அதில் ஏற்றியவன். அவள் மாற்றல் வாங்கிக்கொண்டு வால்பாறைப் பள்ளிக்கு வந்தபோது, பேச்சு நின்றுபோயிருந்தும், அதைத் துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கட்டிக்கொடுத்தவன்.

தணிகைவேல்.

ஓசூரில் இந்நேரம் அவனும் அதே பதினான்குக்காகத்தான் காத்திருப்பான்.

வீடு சரிவில் இருந்தது. அவளுடைய பழைய பட்டன் செல்போனில் பேச முப்பத்தெட்டுப் படி ஏறி மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரே ஒரு கோடு சிக்னல். குரல் போகும். படம் போகாது.

படியெல்லாம் பாசி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

“சொல்லு, மங்கை.”

எட்டு மாதமாக வக்கீல்கள் மூலம்தான் பேச்சு. அவள் முன்னுரை எதுவும் வைக்கவில்லை.

“வைஃபை காட்ட மாட்டேங்குது.”

“லினக்ஸுக்குப் போயிட்டு வந்தியா?”

“ம்.”

“ரீஸ்டார்ட் பண்ணாத. ஷட்டவுன் பண்ணு. சார்ஜரை உருவிடு. பவர் பட்டனை முப்பது எண்ணுற வரைக்கும் அமுக்கிப் பிடி. அப்புறம் ஆன் பண்ணு.”

ஓடினாள். அணைத்தாள். உருவினாள். பிடித்தாள். எண்ணினாள்.

உருண்டை.

மறுபடி முப்பத்தெட்டுப் படி. பாதியில் வழுக்கி முழங்கை சுவரில் உரசியது. தேயிலைக்கு மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. சிக்னல் எந்த நிமிடமும் போகலாம்.

“வரல.”

“முப்பது எண்ணினியா?”

“எண்ணினேன்.”

“எப்படி எண்ணின?”

அவள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

“நீ எண்ணினா பத்து செகண்டுல முப்பது வந்துரும். மெதுவா எண்ணு. ஷட்டவுனை அழுத்தறப்ப ஷிஃப்டையும் சேத்துப் பிடிக்கணும். இல்லேன்னா முழுசா அணையாது.”

“ஷிஃப்ட் பத்தி நீங்க சொல்லவே இல்லையே.”

மறுமுனையில் அவனுக்குப் பின்னால் வேறொரு குரல் கேட்டது. நீதிமன்ற எழுத்தரின் குரல். பன்னிரண்டு, பன்னிரண்டு.

“சொல்லலையா?” என்றான்.

“சொல்லல.”

“சரி. இப்ப சொல்லிட்டேன்ல.” பிறகு, “ஓடாத. உனக்கு மூச்சு வாங்குது.”

அவள் ஓடவில்லை. ஏன் என்று தெரியவில்லை, ஒவ்வொரு படியாக இறங்கினாள். பட்டனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக எண்ணினாள். இருபத்தொன்பது. முப்பது.

குறி வந்துவிட்டது. முழுதாக, எல்லாக் கோடுகளுடன்.

இணைப்புக்குள் நுழைந்தபோது எழுத்தர் பதினான்கு என்று அழைத்துக்கொண்டிருந்தார். திரையில் அவள் முகம் விழுந்தது. வியர்த்து, முடி கலைந்து. பக்கத்துக் கட்டத்தில் அவன். இஸ்திரி போட்ட சட்டை. இளைத்திருந்தான்.

நீதிபதி நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“என்னம்மா, இவ்வளவு நேரம்?”

“நெட் வரல மேடம். இப்பதான் சரியாச்சு.”

“நல்லது.” காகிதத்தைப் புரட்டினார். “ரெண்டு பேரும் யோசிச்சுத்தான் முடிவெடுத்திருக்கீங்களா? முதல்ல நீங்க சொல்லுங்க, தணிகைவேல். இந்த முடிவுல உறுதியா இருக்கீங்களா?”

அவன் உதடுகள் அசைந்தன.

சத்தம் வரவில்லை.

“சார், மைக் ஆஃப்ல இருக்கு. ஆன் பண்ணுங்க,” என்றார் எழுத்தர்.

அவன் தலையாட்டினான். உதடுகள் மறுபடி அசைந்தன. சின்னதாக ஏதோ சொன்னான். ஆமாம் என்பதைவிடக் கொஞ்சம் நீளமாக.

சத்தம் இல்லை. கை பட்டனுக்குப் போகவில்லை.

கீபோர்டைப் பார்க்காமல் வேலை செய்கிறவன் அவன். மைக் பட்டன் எங்கே என்று தெரியாதவனல்ல.

“சார், கேக்குதா? மைக்.”

அவன் எழுத்தரைப் பார்க்கவில்லை. நீதிபதியையும் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தான்.

நீதிபதி பேனாவை எடுத்தார். “இவருக்கு என்ன பிரச்சினை?”

இன்னும் மூன்று மாதம் என்று எங்கோ உள்ளே ஒரு முள் தைத்தது. முழங்கையில் உரசிய இடம் எரிந்தது.

அவள் தன் மைக்கைத் திறந்தாள்.

“அவருக்கு அங்க நெட் சரியில்ல போலிருக்கு, மேடம்,” என்றாள். “கொஞ்சம் டைம் குடுங்க.”